விழுந்த விமானத்தின் மூடி

எங்கள் அக்கா வீட்டுக்காரரிடம் நீங்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவசரம் என்றால் வண்டிச் சாவியைத் தூக்கிப் போடுவார். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்துவிட்டால் தனக்குப் போட்ட இலையை வந்தவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "நீங்க உக்காருங்க, எனக்கு இன்னும் பசிக்கல" என்று பச்சையாகப் பொய் சொல்வார். சூலூரில் அவர் நடத்திய தறிச் சாமான் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் சாமான் வாங்க வரவில்லை, மாமாவோடு டீ குடிக்கத்தான் வந்தார்கள். அப்படிப்பட்ட மனிதர். ஆனால் அவர் வீட்டின் மேற்கு அறையிலிருந்து ஒரு திருகாணியைக்கூட யாரும் வெளியே கொண்டுபோக முடியாது. சாமி வந்து கேட்டாலும் முடியாது.

அந்த அறைதான் அவர் உலகம். ஒரு பழைய விமானத்தின் காற்றாடி இறக்கை, சுவரில் சாய்ந்து நின்று கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பஞ்சு பிதுங்கிய பைலட் இருக்கை ஒன்று. சக்கரம் ஒன்று. காதில் மாட்டும் கருவிகள், தோல் தொப்பிகள், எப்போதோ மூடிப்போன விமானக் கம்பெனிகளின் கரண்டிகள், தோள்பைகள், பெட்டியில் கட்டும் அட்டைகள். எல்லாவற்றிலும் ஒரே வாசனை, எண்ணெயும் பூச்சி உருண்டையும் கலந்து. விமானப்படை நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே பெரியநாயக்கன்பாளையத்துப் பூர்வீக வீட்டைத் தம்பிக்கு விட்டுவிட்டு சூலூரில் வந்து குடியேறியவர் அவர். "சத்தத்துக்காக ஊடு மாத்துன ஆளை நான் இவரைத்தான் பாத்தேன்" என்பாள் அக்கா. வானத்தில் ஏதாவது உறுமினால் பேச்சு அப்படியே நிற்கும். விருந்தாளிகள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி, வாசலுக்கு ஓடிவிடுவார்.

ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் விமானத்தில் போனார். திரும்பி வரும்போது ரயிலில் வந்தார். ஏன் மாமா என்று கேட்டேன்.

"உள்ள உக்காந்தா ப்ளேன் தெரியறதில்ல மாப்ள" என்றார்.

சாமான்களைக் காட்டுவதில் மட்டும் அவரைப்போல தாராளம் கிடையாது. வருகிறவர்கள் முதலில் கை கழுவ வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். ஆனால் ஒரு முனையைத் தன் கையிலேயே பிடித்திருப்பார். அந்தச் சாமானின் சரித்திரத்தைச் சொல்லி முடிக்கும்வரை விட மாட்டார். "பாருங்க, தொடுங்க, காதுல மாட்டிப் பாருங்க. எடுத்துட்டு மட்டும் போயிராதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு வாயில்தான் இருக்கும். கண் உங்கள் கையிலேயே இருக்கும். அவர்கள் போனதும் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை எடுத்து ஒவ்வொன்றையும் துடைத்து, பழைய இடத்தில் வைத்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

உயரம் காட்டும் கருவி ஒன்றைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் அது உயரம் சொல்லும் என்பதால், மழை வருகிற நாட்களில் முள் தானாக மேலே நகரும். தினம் காலையில் பல் விளக்கியதும் அதன் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மணி, இன்னிக்கு ஊடு மேல ஏறியிருக்குது" என்பார்.

"எறங்குனா சொல்லுங்க. எங்கம்மா ஊட்டுக்குப் போற பஸ்ஸைப் புடிக்கறேன்" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுப்பாள்.

ஒரு தடவை, ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர் தன் சொந்தத் தொப்பியை ஆசையாக மாமாவிடம் கொடுத்திருந்தார். பிற்பாடு மகள் கல்யாணத்தில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டார். அவருடைய தொப்பி! மாமா கொஞ்சம்கூடக் கூசாமல், "பொண்ணு மாப்பிள்ளையை இங்க கூட்டியாந்துருங்க, படம் நல்லா வரும்" என்றார். முகூர்த்தம் முடிந்த கையோடு மணமகள் பட்டுச்சேலையும் மாலையுமாக வந்து, அந்த எண்ணெய் வாசனைக்கு நடுவில் அப்பா பக்கத்தில் நின்றாள். மாமா அத்தனை பேருக்கும் பாயசம் வைக்கச் சொல்லியிருந்தார். தொப்பி மட்டும் படம் எடுத்ததும் ஆணிக்குப் போய்விட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்போது சிரிக்கத்தான் தோன்றியது.

அக்கா இத்தனையையும் பொறுத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். விழுந்த விமானத்தின் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது. "நாலு பேரு செத்த எடத்துல இருந்து எடுத்தாந்ததை வெச்சுட்டு நான் இங்க வெளக்கேத்த முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். மாமாவும் அதை மீறியதில்லை. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, "இது தானா எறங்குனது, இதுவும் தானா எறங்குனது" என்று அக்கா காதில் விழும்படி சொல்லிக்கொண்டே வைப்பார்.

மதுக்கரையிலிருந்து அந்தம்மா வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வயதானவர், வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சேலை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"ஏனுங் தம்பி, பழைய ப்ளேன் சாமானெல்லாம் வெச்சிருக்கறது நீங்கதானுங்களா?"

அக்கா தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். அந்தம்மாவுக்கு ஒரே மகன். விமானப்படையில் மெக்கானிக். பல வருடங்களுக்கு முன்னால், வழக்கமாகத் தரையில் நிற்கிறவன், ஏதோ வேலைக்காகச் சரக்கு விமானத்தில் கூடப் போனான். மலையில் மேகம். விமானம் திரும்பவில்லை. எரிந்துபோனதால் கொண்டுவர ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த கணவர் இருந்த காலத்திலேயே, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மகனுக்கு ஒரு குழி வெட்டி, மூடி, பெயர் பொறித்த கல்லும் நட்டிருக்கிறார்கள்.

"உள்ள ஒண்ணுமில்லீங் தம்பி. வெறும் மண்ணு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு வெறும் மண்ணுக்குத்தான் பூப் போட்டு மெழுகுவத்தி ஏத்தறேன். அந்த ப்ளேனோட சாமான் ஏதாச்சும், ஒரு ஆணியா இருந்தாலும் போதும். பொதைச்சுட்டா எனக்குப் போதும். நான் கண்ணை மூடிக்குவேன்."

மாமாவின் கண் கலங்கிவிட்டது. "இருந்தாக் குடுக்காம இருப்பனுங்களாம்மா? விழுந்ததோட சாமான் இந்த ஊட்டுல ஒண்ணுகூட இல்லீங்க" என்றார். அது உண்மை. அந்த ரக விமானம் எத்தனை பெரியது, எப்படி உறுமும் என்றெல்லாம் அவரையறியாமல் சொல்ல ஆரம்பித்தார். அந்தம்மா ஒவ்வொரு வார்த்தையையும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகன் போன விமானத்தைப் பற்றி யாரும் அவரிடம் இவ்வளவு பேசியதில்லையாம்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அக்காவே சொன்னாள். "ஏனுங்க, தேடிப் பாருங்க. நான் போட்ட கண்டிசனெல்லாம் இந்தம்மாளுக்கு இல்ல. கெடச்சா ஊட்டுக்குள்ளயே கொண்டாங்க. ஒரு நாளைக்குத்தான, அடுத்த நாள் குடுத்துறப் போறம்."

மாமா தேடினார். மேட்டுப்பாளையம் மண்டிக்கு மலையிலிருந்து காய்கறி கொண்டுவரும் லாரிக்காரர்களிடம் சொல்லி வைத்தார். கடைசியில் தகவல் வந்தது. என் காரில்தான் போனோம். தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றில், கோழிக்கூட்டுக்குக் கதவாக அது மாட்டியிருந்தது. தாம்பாளம் அளவுக்கு ஒரு அலுமினிய மூடி, ஓரத்தில் ஒரு கொக்கி. விமானம் விழுந்த சரிவிலிருந்து அவர்கள் அப்பா தூக்கிவந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார். மாமா கையோடு கொண்டுபோயிருந்த தகரத்தை வெட்டி, கூட்டுக்குப் புதுக் கதவு மாட்டிக் கொடுத்துவிட்டு மூடியை வாங்கிக்கொண்டார். இறங்கி வரும்போது வழி முழுக்க மடியில் வைத்து அந்தக் கொக்கியை நீவிக்கொண்டே வந்தார். திறப்பார், மூடுவார். ஒவ்வொரு தடவையும் டக் என்று சுத்தமாக விழுந்தது.

"நேரா மதுக்கரைக்கே போயிரலாமா மாமா?" என்று கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"மொதல்ல நல்லாத் தொடச்சு வெக்கலாம் மாப்ள" என்றார்.

மறைத்தார் என்று யாரும் சொல்லக்கூடாது. அவரே போன் போட்டு அந்தம்மாவை வரச் சொன்னார். வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் மூடியை வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பிறகு விளக்கம் ஆரம்பித்தது. ஐயோ, அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா!

"இது இஞ்சினுக்குப் பக்கத்துல இருக்கற மூடிங்கம்மா. கெளம்பறதுக்கு முன்னால மெக்கானிக்கு இதைத் தெறந்து உள்ள பாத்துட்டுச் சாத்துவாரு. சாத்திட்டு, உள்ளங்கையில ஒரு தட்டுத் தட்டுவாருங்க, கொக்கி உழுந்துருச்சான்னு. அப்படிப் பாத்தா, கடைசியா இதைச் சாத்துனது உங்க பையன் கைதானுங்க."

அந்தம்மா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். எடுக்கவில்லை. சத்தமே இல்லாமல் அழுதார். அக்கா உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கழித்து அந்தம்மா முந்தானையை விரித்து மூடியை அதில் சுற்றப் போனார். மாமாவின் கை நீண்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

"இங்கயே இருக்கட்டுங்கம்மா."

"என்னுங் தம்பி?"

"மண்ணுக்குள்ள போட்டா அரிச்சுப் போயிருமுங்க. இந்த ப்ளேனோடது இது ஒண்ணுதான் மிஞ்சியிருக்குது. இங்க இருந்தா எண்ணெய் போட்டு வெச்சிருப்பன். நீங்க எப்ப வேணாலும் வாங்க. உங்க ஊடு மாதிரி."

"எம் பையனைப் பொதைக்கோணுமுங் தம்பி."

"அது உடம்பு இல்லீங்களேம்மா. ப்ளேன் பார்ட்டுங்க" என்றார் மாமா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, அத்தனை கனிவாகச் சொன்னார்.

அதன்பிறகு அந்தம்மா சனிக்கிழமைதோறும் வந்தார். மாமா துண்டு விரிப்பார், மூடியை எடுத்து வைப்பார், நாற்காலியை மின்விசிறிப் பக்கம் திருப்பிப் போடுவார். அந்தம்மாவுக்கு வேர்க்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தம்மா மகனின் சின்ன வயதுக் கதைகளைச் சொல்வார், மாமா விமானக் கதைகளைச் சொல்வார். கிளம்பும்போது அந்தம்மா கேட்பார், "இன்னிக்குக் குடுத்தனுப்பறீங்களா தம்பி?" மாமா, "இங்கயே இருக்கட்டுங்கம்மா" என்பார். அந்தம்மா சண்டை போடவில்லை, சபிக்கவில்லை. கேட்டுவிட்டுப் போய்விடுவார். சபித்திருந்தாலாவது மாமா கொடுத்திருப்பாரோ என்னவோ.

அக்காதான் சண்டை போட்டாள். "பெத்தவ கையில இருக்க வேண்டியதை நீங்க வெச்சிருக்கறீங்க. இது வெளங்குமா? நாளைக்கு நமக்கு ஒரு கேடுன்னா எந்தச் சாமிகிட்டப் போயி நிப்பீங்க?" என்று கத்தினாள். சனிக்கிழமைகளில் அவரோடு பேசுவதையே நிறுத்தினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். "குடுக்கோணும்னுதான் இருக்கறன் அம்மணி. கை வரமாட்டீங்குது" என்பார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. அந்தம்மா, ஒரு நாளைக்கு மட்டும் என்று கெஞ்சினார். மாமா என்ன செய்தார் தெரியுமா? தானே மூடியை எடுத்துக்கொண்டு என் காரில் மதுக்கரைக்கு வந்தார். கல்லறையின் மேல் துண்டு விரித்து அதை வைத்தார். அந்தம்மா சாமந்தி போட்டார், மெழுகுவர்த்தி ஏற்றினார், ஜெபம் சொன்னார். மாமாவும் கைகூப்பி நின்றார், கண்ணை மூடாமல். எல்லாம் முடிந்ததும் மூடியில் ஒட்டியிருந்த மெழுகுத் துளியை நகத்தால் பதமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, பைக்குள் வைத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டார். அந்தம்மா கல்லறைக்குப் பக்கத்திலேயே நின்று நாங்கள் போவதைப் பார்த்தார்.

பிறகு அந்தம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. பஸ்ஸில் வர முடியவில்லை என்றதும் மாமா என் காரை அனுப்பிக் கூட்டிவரச் செய்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சொந்த மகன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்று மதுக்கரையில் பேசிக்கொண்டார்கள். ஒரு மழைநாளில் அந்தம்மா இறந்துபோனார் என்று போன் வந்தது.

அக்கா மூடியைத் துண்டில் சுற்றி, பையில் போட்டு, மாமா கையில் கொடுத்தாள். "பெட்டியில வெச்சுட்டு வாங்க. அவங்களோடயே போகட்டும்" என்றாள். மாமா சரி என்று தலையாட்டினார். காரில் பையை மடியிலேயே வைத்திருந்தார்.

மதுக்கரையில் சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் மாமாவைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அந்தம்மாவின் தங்கை மகள், "வாங்கண்ணா, பெரியம்மா உங்களைப் பத்தியேதான் பேசிட்டு இருப்பாங்க" என்று கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மாமா பைக்குள் கையை விட்டார். உள்ளே டக் என்று கொக்கி விழும் சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்த கையில் ஒன்றுமில்லை. அந்த வெறுங்கையால் அந்தம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பெட்டியை மூடினார்கள். குழியில் எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டபோது அவரும் போட்டார், மற்றக் கையில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

வீட்டில் அக்கா கேட்டாள். "வெச்சீங்களா?"

"முடியல அம்மணி" என்றார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். சுவரோரமாக உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். மாமா மேற்கு அறைக்குப் போய் மூடியை அதன் இடத்தில் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அவர் கடையைச் சாத்திவிட்டு வந்து துண்டை விரித்தார். மூடியை வைத்தார். நாற்காலியை மின்விசிறிப் பக்கம் திருப்பிப் போட்டார். எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"என்னுங்க இது?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டாள்.

"சாமான் இங்க இருக்குதில்ல அம்மணி. அவங்க வேறெங்க போவாங்க?" என்றார், மிகச் சாதாரணமாக.

அதற்கப்புறம் அந்த அறைக்கு வேறு யாரையும் அவர் கூட்டிப்போகவில்லை. வானத்தில் உறுமல் கேட்டாலும் வாசலுக்கு ஓடுவதில்லை. சனிக்கிழமைகளில் கதவுக்குப் பின்னால் மெல்லப் பேசிக்கொண்டிருப்பார். பேசிவிட்டு, கேட்பதுபோலக் கொஞ்சம் நிறுத்துவார். ஒருநாள் அவர் கடையில் இருக்கும்போது அந்த அறையில் கொக்கி விழுந்த சத்தம் கேட்டதாக அக்கா எனக்குப் போன் செய்தாள். பூனையாக இருக்கும் அக்கா என்றேன். "பூனைக்குத் தெறந்து சாத்தத் தெரியுமா கண்ணு?" என்றாள். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

மாமா போன ஐப்பசியில் தவறிப்போனார். கடையில் டீ டம்ளரைக் கையில் வைத்தபடியே சாய்ந்துவிட்டார். கஷ்டப்படவில்லை.

காரியம் முடிந்ததும் அக்கா மேற்கு அறையைத் திறந்துவிட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். தொப்பி அதன் சொந்தக்காரர் வீட்டுக்கே போனது. காற்றாடி இறக்கையையும் இருக்கையையும் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து வந்து தூக்கிப்போனார்கள். ஒன்றுக்கும் அவள் முகம் மாறவில்லை. கடைசியில் மூடி மட்டும் மிஞ்சியது. "இதைக் கொண்டுபோயி அந்தப் பையன் கல்லறையில பொதைச்சுறோணும் கண்ணு. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று அவளேதான் சொன்னாள். நான் மதுக்கரைக்குப் போய், அந்தம்மாவின் தங்கை மகளைப் பார்த்து, கல்லறைத் தோட்டத்துக்காரரிடமும் பேசிவிட்டு வந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி வெட்டி வைப்பதாகச் சொன்னார்கள். பாதிரியாரும் வந்து ஜெபம் சொல்வதாக ஏற்பாடு. வருகிற சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். புதைக்கப் போகிறோமே, கடைசியில் அந்தம்மா கேட்டது நடக்கப் போகிறதே என்று மனசு லேசாக இருந்தது. அக்கா குளித்து, நல்ல சேலை கட்டி, காலியாகிப்போன மேற்கு அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மூடி.

"கெளம்பலாமா அக்கா? அங்க எல்லாரும் காத்திருக்கறாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"குடுத்தறலாம்னுதான் எடுத்தேன் கண்ணு" என்றாள். கை மூடியைத் தடவிக்கொண்டே இருந்தது. "இதையும் குடுத்துப்போட்டா, அப்பறம் உங்க மாமா எங்க வருவாரு?"

அவளுக்கு எதிரே, மின்விசிறிப் பக்கம் திருப்பி, இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. நான் உட்காராமல் நின்றுகொண்டிருந்தேன்.